ஐந்து வருஷத் திட்டமா, போகிற போக்கா, ஒரு பக்கத் தாளா?

அப்பா நடத்திய தொழிலைக் கையில் வாங்கிய பிள்ளைகளும், ஒரு கடையை இரண்டாக்கப் பார்க்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது. ஆலோசகரை வைத்து ஐந்து வருஷத்துக்குப் பெரிதாகத் திட்டம் போட்டுக்கொள்வதா, இல்லை மார்க்கெட் எப்படிப் போகிறதோ அப்படியே நாமும் போவதா? மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. சட்டென்று மாற்றக் கூடாத நாலைந்து விஷயங்களை ஒரே பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நிலவரத்துக்குத் தக்க மாற்றிக்கொள்வது. பத்து பேரிலிருந்து நூறு பேர் வரை வேலை செய்கிற தொழில்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதற்கு ஆகிற செலவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, அதனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம்.

முதலில் தடிமனான திட்டம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வங்கியில் டெர்ம் லோன், அதாவது பல வருஷத் தவணைக் கடன், கேட்டால் புராஜெக்ட் ரிப்போர்ட் இல்லாமல் ஃபைல் நகராது, நடைமுறைச் செலவுக்கு லிமிட் கேட்டால் சிஎம்ஏ டேட்டா, அதாவது போன வருஷங்களின் கணக்கும் வரப்போகிற வருஷங்களின் கணிப்பும், கேட்பார்கள். நூற்பாலை, மருத்துவமனை, குளிர்பதனக் கிடங்கு மாதிரி முதல் ரூபாய் வருமானம் வருவதற்குள் கோடிக்கணக்கில் மண்ணுக்குள் போகிற தொழிலில் பத்து வருஷத்துக்குக் கணக்குப் போட்டே ஆகவேண்டும், அங்கே இறங்கிய பிறகு திரும்ப வழி கிடையாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டில் விற்பனை எண்கள் எப்படி வருகின்றன தெரியுமா? பல நேரம் பின்னாலிருந்து வருகின்றன. கடன் இவ்வளவு, தவணை இவ்வளவு, அந்தத் தவணையை இடைஞ்சல் இல்லாமல் கட்டமுடியும் என்று காட்ட லாபம் இவ்வளவு வேண்டும், அந்த லாபத்துக்கு விற்பனை இவ்வளவு வேண்டும், சரி, வருஷத்துக்கு 20 சதவீதம் வளர்ச்சி என்று எக்செல்லில் இழுத்துவிடு. வங்கிக்காகச் செய்த வேலை என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதம் போனால் முதலாளியே அந்த எண்ணை நம்ப ஆரம்பித்துவிடுகிறார். மூன்றாவது வருஷத்து விற்பனைக்கு வேண்டிய மெஷினை முதல் வருஷமே வாங்கிப் போடுகிறார், ஆள் எடுக்கிறார், இடம் பிடிக்கிறார். எழுதியது நடக்காதபோது, இவ்வளவு செலவு செய்து போட்ட திட்டத்தை எப்படி விடுவது என்று இன்னும் கொஞ்ச நாள் பிடித்துக்கொண்டே நிற்கிறார். அந்த இன்னும் கொஞ்ச நாளில்தான் பணம் போகிறது.

போகிற போக்கில் போவது இதற்கு நேர் எதிர், அதன் பலமும் உண்மையான பலம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பனியன் ஆர்டர்கள் நின்றபோது திருப்பூரில் எத்தனையோ யூனிட்டுகள் சில வாரத்திலேயே முகக்கவசத்துக்கும் மருத்துவப் பாதுகாப்பு உடைக்கும் மாறின. எந்த ஐந்து வருஷத் திட்டத்திலும் அது எழுதியிருந்திருக்காது. தையல் மெஷின் இருந்தது, ஆள் இருந்தார்கள், தேவை கண்முன்னே நின்றது, மாறினார்கள். புதிதாக ஆரம்பித்து முதல் வருஷம் ஓடிக்கொண்டிருக்கிற எவருக்கும் இதுதான் சரியான வழி என்பேன். வாடிக்கையாளர் யார், எதற்குக் காசு கொடுப்பார் என்றே தெரியாத நேரத்தில் திட்டம் எழுதுவது வெறும் கற்பனை.

ஆனால் இப்படி ஓடுகிற தொழிலில் ஒரு நோய் தொற்றிக்கொள்ளும். சேர்த்துக்கொண்டே போவார்கள், எதையும் எடுக்க மாட்டார்கள். டிபனும் சாப்பாடும் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற ஓட்டலில் எதிர்க்கடையைப் பார்த்து ஃப்ரைடு ரைஸ் போடுகிறார்கள், அதற்குத் தனி மாஸ்டர். அப்புறம் தந்தூரி, அதற்குத் தனி அடுப்பு, தனி ஆள், ஊறவைத்த இறைச்சிக்குத் தனி ஃப்ரிட்ஜ். அப்புறம் ஜூஸ். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் லாபம் மாதிரித்தான் தெரியும். மொத்தத்தில் வாங்குகிற சரக்கு நாலு மடங்கு, வீணாவது ஐந்து மடங்கு, காலையில் சாம்பார் ருசி குறைந்ததைக் கவனிக்க முதலாளிக்கு நேரம் இல்லை. எதற்கும் வளைந்து கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, எதையும் மாற்ற முடியாத அளவுக்கு இறுகிப்போகிற நிலை இது, ஏனென்றால் இப்போது எதைத் தொட்டாலும் நாலு பேர் வேலையும் நாலு சப்ளையரின் பாக்கியும் அதில் மாட்டியிருக்கிறது.

இதைச் சின்னத் தொழில்களில் நிரூபித்துக் காட்டுவது கஷ்டம், யாரும் கணக்கை வெளியே வைப்பதில்லை. இந்திய விமானக் கம்பெனிகள் கதை எல்லாம் பொதுவெளியில் இருக்கிறது. ஒரே நாடு, ஒரே எரிபொருள் விலை, ஏறக்குறைய ஒரே பயணிகள், ஒரே காலகட்டம். ஒப்பிட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கிங்ஃபிஷர் 2005 மே மாதம் பறக்க ஆரம்பித்தது. சொகுசுதான் அடையாளம். 2007இல் மலிவு விலைக்குப் பேர்போன ஏர் டெக்கானில் பங்கு வாங்கி, அடுத்த வருஷம் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது, பிறகு அதற்குக் கிங்ஃபிஷர் ரெட் என்று பெயர். ஆக ஒரே கம்பெனிக்குள் சொகுசும் மலிவும். 2008இல் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்ட அதே வருஷம் பெங்களூரு–லண்டன் சேவையும் தொடங்கியது. உள்நாட்டுக்கு ஏர்பஸ் ஏ320 ரகம், சின்ன ஊர்களுக்கு ஏடிஆர் என்கிற சின்ன விமானம், வெளிநாட்டுக்கு ஏ330, இது போதாதென்று இரண்டு மாடி ஏ380க்கும் ஆர்டர். 2011இல் மலிவு சேவையை மூடுவதாகச் சொன்னார்கள், 2012 அக்டோபரில் எல்லாமே நின்றது. ஜெட் ஏர்வேஸும் ஏறக்குறைய இதே வழியில்தான் போனது. 2007இல் ஏர் சஹாராவை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கி ஜெட்லைட் ஆக்கியது, அப்புறம் ஜெட் கனெக்ட் என்று இன்னொன்று, 2014இல் எல்லாவற்றையும் மறுபடி ஒரே முழுச்சேவையாக மாற்றியது, 2019 ஏப்ரல் 17 அன்று கடைசி விமானம். இரண்டும் விழுந்ததற்குக் கடன், எரிபொருள் விலை என்று இன்னும் பல காரணங்கள் உண்டு, ஒன்றில் அடக்கிவிட முடியாது. ஆனால் நெருக்கடி வந்தபோது எதை வெட்டுவது என்று அவர்களால் சட்டென்று முடிவெடுக்க முடியாமல் போனதற்கு, ஒரே நேரத்தில் மூன்று கம்பெனியாக இருக்கப் பார்த்தது பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இண்டிகோ 2005 பாரிஸ் விமானக் கண்காட்சியில், ஒரு விமானம்கூட கையில் இல்லாதபோது, 100 ஏ320 ஆர்டர் கொடுத்தது. 2006 ஆகஸ்ட் 4 அன்று முதல் பயணம். ஒரே ரக விமானம், ஒரே வகுப்பு, நேரத்துக்குக் கிளம்புவது. 2017இல் ஏடிஆர் சேர்க்கும் வரை அந்த ஒரே ரகம்தான். ஒரே ரகம் என்றால் எந்த விமானியும் எந்த விமானத்தையும் ஓட்டலாம், எந்த மெக்கானிக்கும் எதையும் பழுது பார்க்கலாம், ஒரு விமானம் கெட்டால் இன்னொன்றை அந்த இடத்தில் நிறுத்தலாம். எளிமையாக இருப்பதால் வளைய முடிகிறது என்பதற்கு இதுதான் அர்த்தம். இந்த வழிக்குப் பேர்போனது அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமானக் கம்பெனி. 1971இல் டெக்சாஸின் மூன்று ஊர்களுக்கு நடுவே போயிங் 737 மட்டும் வைத்து ஆரம்பித்தார்கள், அடுத்த வருஷம் பணமுடை வந்து, கையில் இருந்த நாலு விமானத்தில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. விமானம் மூன்றானாலும் பயண அட்டவணையைக் குறைக்கவில்லை. தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிஷத்தில் மறுபடி கிளப்பினார்கள். நாலு ரக விமானமும் இரண்டு வகை டிக்கெட்டும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

இத்தோடு நிறுத்தினால் எளிமை ஜெயித்தது என்று ஆகிவிடும், கதை அப்படி முடியவில்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் தானாகவே திவால் மனு போட்டது. அதுவும் எளிமையான கம்பெனிதான், மலிவு விலை, ஏ320 குடும்பம் மட்டும். அது வாங்கிய ஏ320 நியோ என்கிற புது ரக விமானங்கள் அத்தனையிலும் பிராட் அண்ட் விட்னி எஞ்சின். அந்த எஞ்சினில் கோளாறு வந்து மாற்று எஞ்சின் கிடைக்காமல் ஏறக்குறைய பாதி விமானங்கள் தரையில் நின்றன. இண்டிகோவுக்கும் அதே எஞ்சின், அதே கோளாறு, அதன் விமானங்களும் டஜன் கணக்கில் நின்றன. ஆனால் ஏ320 நியோவுக்கு இரண்டு கம்பெனி எஞ்சின் உண்டு. பிராட் எஞ்சினில் தொல்லை தெரிந்த பிறகு 2019இல் இண்டிகோ அடுத்த 280 விமானங்களுக்கு இன்னொரு கம்பெனியான சிஎஃப்எம்மின் எஞ்சினை எடுத்துவிட்டது. விமானம் அதே ரகம், எஞ்சின் வேறு இடத்திலிருந்து. இரண்டு வகை எஞ்சினுக்கு உதிரிபாகம், பயிற்சி என்று செலவு கூடத்தான் செய்யும். அந்தக் கூடுதல் செலவும் கையில் இருந்த ரொக்கமும்தான் அதைக் காப்பாற்றின.

அதே இண்டிகோ 2025 டிசம்பரில் என்ன ஆனது? விமானிகளின் ஓய்வு பற்றிய புது விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி, இரவு வேலையில் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு. இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. இருக்கிற விமானிகளை வைத்து அட்டவணையை நூலிழை இடமில்லாமல் நெய்து வைத்திருந்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் அது பிரிந்தது, ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து, விமான நிலையங்களில் ஜனங்கள் பெட்டிகளோடு தரையில் படுத்துக் கிடந்தார்கள். அரசு விதியைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டி வந்தது. தொழில் எளிமையாகத்தான் இருந்தது, திட்டமும் தெளிவாகத்தான் இருந்தது. மாறுவதற்கு வேண்டிய உபரி ஆள் இல்லை.

எனக்கு இந்தக் கதைகள் எல்லாம் சேர்ந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. எளிமையாக இருந்தால் தானாக வளைந்துவிடலாம் என்று நினைப்பது தப்பு. வளைவதற்குத் தனியாகக் காசு ஆகும். சும்மா கிடக்கிற ரொக்கம், பாதி நேரம் ஓடாத ஒரு மெஷின், கொஞ்சம் விலை அதிகம் சொல்கிற இரண்டாவது சப்ளையர், நாலு பேர் வேலைக்கு ஐந்தாவதாக ஓர் ஆள். நல்ல காலத்தில் இவை எல்லாம் வீண் செலவு மாதிரியே தெரியும், ஆடிட்டர்கூட முகம் சுளிப்பார். மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்கிறவர் இந்தச் செலவையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார். இதற்கு மனசு இல்லையென்றால் ஒரு பக்கத் தாள் எழுதி ஃப்ரேம் போட்டு மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

சரி, அந்தத் தாளில் என்ன இருக்கும்? கோயம்புத்தூரில் தினம் 400 கிலோ இட்லி மாவு அரைத்து அறுபது மளிகைக் கடைகளுக்குப் போடுகிற ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வளரலாம் என்று பார்க்கிறார்கள். அடை மாவு போடலாம், சப்பாத்தி போடலாம், பாக்கெட் சட்னி போடலாம், ஓட்டல்களுக்குக் கொடுக்கலாம், ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் தினம் 300 கிலோ கேட்கிறது. எதுவுமே கெட்ட யோசனை இல்லை, அதுதான் கஷ்டம்.

தாளின் மேல் பாதியில் செய்ய மாட்டோம் என்கிற வரிகள். அரைத்த மாவைத் தவிர வேறு எதுவும் போட மாட்டோம். கெடாமல் இருக்க எதுவும் கலக்க மாட்டோம். ஒரே ஆளிடம் மொத்த விற்பனையில் கால்பங்குக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டோம். பதினைந்து நாளுக்கு மேல் கடன் கொடுக்க மாட்டோம். இந்த நாலு வரிக்கே பாதிக் கேள்விகள் விழுந்துவிடும். அடை மாவு சரி, அதே கிரைண்டர், அதே பாக்கெட், அதே வண்டி. சப்பாத்தியும் சட்னியும் கிடையாது. சூப்பர் மார்க்கெட் 300 கிலோ கேட்டால் 100 கிலோவில் ஆரம்பிக்கலாம், மீதிக் கடைகள் வளர வளரக் கூட்டலாம். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது என்று 2006ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறதுதான், ஆனால் உங்கள் விற்பனையில் பாதியை வாங்குகிறவர் மேல் நீங்கள் புகார் கொடுக்கப் போவதில்லை, அதனால் அந்த நிலைமைக்கே போகாமல் இருப்பது நல்லது.

கீழ்ப்பாதியில் மூன்றே எண்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது தாண்டினால் என்ன செய்வது என்பது. முதல் எண் ரிட்டர்ன். மாவுத் தொழிலில் உயிர்நாடி இதுதான். சித்திரை வெயிலில் மாவு சீக்கிரம் பொங்கி பாக்கெட் பந்து மாதிரி உப்பிவிடும், கடைக்காரர் அப்படியே திருப்பிக் கொடுப்பார். மார்கழிக் குளிரில் புளிக்கவே புளிக்காது, வாங்கினவர்கள் இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்பார்கள். ஆகவே ஒரு லைனில், அதாவது ஒரு வண்டி போகிற கடைகளின் வரிசையில், ரிட்டர்ன் இரண்டு வாரம் தொடர்ந்து நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் அந்த லைனுக்கு லோடு குறையும், அல்லது காலை ஒரு நடை சாயங்காலம் ஒரு நடை என்று பிரியும், யாரையும் கேட்க வேண்டியதில்லை, வண்டி ஓட்டுகிற பையனே முடிவெடுக்கலாம். இரண்டாவது எண் உளுந்து விலை. அது இவ்வளவு ஏறினால் பாக்கெட் விலை இவ்வளவு ஏறும் என்று முன்னாலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கடைக்காரன் ஏற்றட்டும் என்று மூன்று மாதம் நஷ்டத்தில் ஓடும், அல்லது உளுந்தைக் குறைத்து மாவைக் கெடுக்கத் தோன்றும். மூன்றாவது, கையிருப்பு ரொக்கம். இரண்டு மாதச் சம்பளம், வாடகை, கரண்ட் பில் அளவுக்குக் குறைந்தால் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. அப்புறம் கடைசியில் உபரிகள்: ஓடாமல் நிற்கிற ஒரு கிரைண்டர், ஜெனரேட்டர், அரிசிக்கு இரண்டாவது மண்டி. அவ்வளவுதான், தாள் முடிந்தது.

இதில் புதுமை எதுவும் இல்லை, நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. கடலூரில் சி.கே. ரங்கநாதன் 1983இல் குடும்பத் தொழிலை விட்டு 15,000 ரூபாயோடு தனியாக வந்து சிக் ஷாம்பு ஆரம்பித்தபோது, பாட்டில் வாங்க முடியாதவர்களுக்குச் சாஷே என்பதை மட்டும் விடவில்லை. மற்றதெல்லாம் மாறிக்கொண்டே இருந்தது. எந்தக் கம்பெனியின் ஐந்து காலிச் சாஷே கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார்கள், கொஞ்ச காலத்தில் அதைச் சிக்கின் காலிச் சாஷே மட்டும் என்று மாற்றினார்கள், மல்லிகை, ரோஜா வாசனை கொண்டுவந்தார்கள், விலையை 50 பைசாவுக்கு இறக்கினார்கள். யாருக்கு விற்கிறோம் என்பது நிலையாக இருந்ததால்தான் எப்படி விற்பது என்பதை அவ்வளவு சுலபமாக மாற்ற முடிந்தது.

ஆக யார் எதை எடுப்பது? முதல் வருஷத்தில் இருப்பவர் போகிற போக்கில் போகட்டும், ஒரு நோட்டில் தினமும் என்ன விற்றது, யார் திரும்ப வந்தார் என்று எழுதிக்கொண்டால் போதும். பெரிய முதலீட்டை ஒரே இடத்தில் புதைக்கிறவருக்குத் தடிமனான திட்டம் தேவை, ஆனால் வங்கிக்குக் கொடுத்த எண்ணைத் தனியாக வைத்துவிட்டு, விற்பனை பாதிதான் வந்தால் எத்தனை மாதம் தாங்குவோம் என்கிற கணக்கைத் தனக்காக ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று வருஷம் ஓடி, வாடிக்கையாளர் யாரென்று தெரிந்து, இப்போது எதைச் சேர்ப்பது என்று நிற்கிறவர்களுக்கு ஒரு பக்கத் தாள். வங்கி கேட்டால் இதோடு ரிப்போர்ட்டும் போடலாம், ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.

தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிற நாளோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. எண்களை அப்போது மாற்றலாம். மேல் பாதி வரிகளை வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில், பங்குதாரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். நடுவில் ஒரு பெரிய ஆர்டர் வந்து ஆசை காட்டும்போது மாற்ற ஆரம்பித்தால் அது போகிற போக்காகவே ஆகிவிடும்.

அப்பாவுக்குத் திட்டமே வேண்டாம், பையனுக்கு நாற்பது ஸ்லைடு வேண்டும் என்கிற வீடுகளில் இந்தத் தாளை இருவரும் சேர்ந்து எழுதட்டும், செய்ய மாட்டோம் என்கிற வரிகளிலிருந்து ஆரம்பிக்கட்டும். வருஷக்கணக்காக மூடி வைத்திருந்த சண்டை அங்கேதான் வெளியே வரும், வரட்டும். அந்த நாலு வரியில் ஒத்துவரும் வரைக்கும் புதுக் கிளைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.